பழுப்பாகவே இருக்கும் அந்தச் சின்ன வாத்து எது?

கேள்வி: நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு ஏரியில் இருபது, இருபத்தைந்து சின்ன வாத்துகளைப் பார்த்தேன். எல்லாமே பழுப்பு நிறம், எல்லாமே பெட்டை மாதிரிதான் இருந்தன. கூட வந்த நண்பர் கிளுவை என்றார். செல்போன் ஆப்பில் ஒரு படத்தைப் போட்டால் கிளுவை என்கிறது, அடுத்த படத்துக்கு நீலச்சிறகி என்கிறது. கொஞ்சம் கிட்டே போனாலே மொத்தக் கூட்டமும் எழும்பிவிடுகிறது. எப்படித்தான் பிரித்து அறிவது? ஆண்கள் எங்கே போயின? ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வாங்கினால்தான் முடியுமா? நான் எடுத்த மூன்று படங்களை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: படங்களைப் பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் அதே கரையில் நின்றுகொண்டு இதே குழப்பத்தில் இருப்பீர்கள், அது உங்களுக்கு உதவாது. நீர்ப்பறவைக் கணக்கெடுப்புதான் என் வேலை. வலசைப் பறவைகள் வந்து இறங்கும் பருவம் தொடங்கியதும் வருஷா வருஷம் எனக்கு வரும் முதல் கேள்வி இதுதான், அதனால் நீங்கள் ஏதோ எளிதானதைத் தவறவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆண் வாத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதை ஒரே காலையில் கற்றுக்கொள்ளலாம். பழுப்பு வாத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல ஒன்றிரண்டு பருவங்கள் கரையில் உட்கார வேண்டும்.

முதலில் அது வாத்துதானா என்று பார்த்துவிடுவோம். தூரத்தில் மிதக்கும் சின்ன உருண்டை முக்குளிப்பானாகவும் இருக்கலாம். முக்குளிப்பானுக்கு வால் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, பின்பக்கம் பஞ்சு மாதிரி முடிந்துவிடும், அலகு கூராக இருக்கும், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தண்ணீருக்குள் முங்கிக் காணாமல் போகும். கிளுவையும் நீலச்சிறகியும் இரை தேடும்போது முங்குவதில்லை. தலையை மட்டும் தண்ணீரில் நுழைக்கும், அல்லது தலைகீழாகக் கவிழ்ந்து வாலைத் தூக்கி நிற்கும். அப்புறம் குள்ளத்தாரா. அது உலகத்திலேயே மிகச் சிறிய வாத்தினங்களில் ஒன்று, ஒரு அடி நீளம்கூட இருக்காது. முகமும் கழுத்தும் வெளிறி, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு, அலகு வாத்து அலகாக இல்லாமல் கட்டையாக இருக்கும். அல்லியும் தாமரையும் மூடிய குளங்களில்தான் அதிகம் பார்க்கலாம். நீங்கள் எழுதிய 'எல்லாமே பழுப்பு' என்பது அதற்குப் பொருந்தவில்லை. சீழ்க்கைச் சிறகியும் பழுப்புதான், ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான், ஆனால் அது செம்பழுப்பு, கழுத்து நீளம், நிற்கும்போது கால் உயரம், பறக்கும்போது கழுத்து தொங்கியபடி சீழ்க்கை அடித்துக்கொண்டே போகும். நீங்கள் சீழ்க்கைச் சத்தம் கேட்டிருந்தால் கட்டாயம் எழுதியிருப்பீர்கள்.

ஆக மிச்சம் இருப்பவை கிளுவையும் நீலச்சிறகியும்.

'சின்னது' என்று எழுதியிருக்கிறீர்கள், எதற்குப் பக்கத்தில் சின்னது என்று எழுதவில்லை. தண்ணீரில் தனியாக மிதக்கும் ஒரு பறவையின் அளவைக் கண்ணால் மட்டும் சொல்ல முடியாது, பல வருஷம் பார்த்தவர்களாலும் முடியாது. பக்கத்தில் தெரிந்த பறவை ஒன்று வேண்டும். கிளுவை சுமார் 34 முதல் 38 செ.மீ. நீளம், எடை ஏறக்குறைய 350 கிராம். நீலச்சிறகி 37 முதல் 41 செ.மீ. வரை, கொஞ்சம் கூடுதல் எடை. தாழைக்கோழி பக்கத்தில் நீந்தினால் கிளுவை ஏறக்குறைய அதே நீளம் இருக்கும். நாமக்கோழி பக்கத்தில் வந்தால் நீளம் அதிகம் வித்தியாசப்படாது, ஆனால் நாமக்கோழி பருத்து உருண்டு தெரியும். புள்ளிமூக்கு வாத்தோ ஊசிவால் வாத்தோ பக்கத்தில் இருந்தால் இவை இரண்டுமே குஞ்சுகள் மாதிரி தெரியும். ஆனால் கிளுவைக்கும் நீலச்சிறகிக்கும் இடையில் உள்ள மூன்று சென்டிமீட்டரை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள். குளிருக்கு உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கிளுவை, கழுத்தை நீட்டி எச்சரிக்கையாக நிற்கும் நீலச்சிறகியைவிடப் பெரிதாகத் தெரியும்.

ஆண்கள் எங்கே என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. வாத்துகள் இனப்பெருக்கம் முடிந்ததும் இறக்கையில் உள்ள பறக்கும் இறகுகளை ஒன்றிரண்டாக அல்ல, மொத்தமாக உதிர்த்துவிடும். புது இறகு முளைக்கும் 3, 4 வாரங்களுக்கு அவற்றால் பறக்கவே முடியாது. அந்தச் சமயத்தில் ஆண் வாத்து பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் நரிக்கும் பருந்துக்கும் நேராகத் தெரிந்துவிடும். அதனால் அதற்குச் சற்று முன்பே உடம்பு இறகுகளை மாற்றிப் பெட்டையைப் போன்ற பழுப்புக் கோலத்துக்கு வந்துவிடுகிறது. நாணல் ஓரத்தில் பதுங்கிக் கிடக்க அது ஏற்ற கோலம். இதிலிருந்து மறுபடி ஆண் நிறத்துக்குத் திரும்பும் காலம் இனத்துக்கு இனம் மாறும். ஆண் கிளுவை சீக்கிரம் திரும்பிவிடும், நவம்பர் கடைசியில் பெரும்பாலானவற்றுக்குச் செம்பழுப்புத் தலையும் கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டையும் வந்திருக்கும். ஆண் நீலச்சிறகி ரொம்ப மெதுவாகத்தான் திரும்பும். அது தன் வெள்ளைப் புருவத்தோடு முழுசாகத் தெரிய பிப்ரவரி ஆகிவிடும்.

அதனால் நவம்பர் கடைசியில் இருபது சின்ன வாத்துகள் கூட்டமாக இருந்து, ஒன்றில்கூட செம்பழுப்புத் தலை இல்லை என்றால் என் மனது முதலில் நீலச்சிறகி பக்கம்தான் சாயும். அங்கேயே முடிவு கட்டிவிடக் கூடாது, அதற்குக் காரணம் உண்டு. கிளுவையில் பெண்கள் ஆண்களைவிடத் தெற்கே அதிக தூரம் வலசை போவது வழக்கம், அதனால் பெட்டைகள் மட்டுமே கூடிய கிளுவைக் கூட்டம் நடக்காத விஷயம் இல்லை. சாய்வு சாய்வாகவே இருக்கட்டும், பறவையிடமிருந்து வேறு சாட்சி வாங்குவோம்.

முகத்தில் இருந்து தொடங்குங்கள். நீலச்சிறகிப் பெட்டைக்கு வரிவரியான முகம். உச்சந்தலை அடர்ந்த நிறம், அதற்குக் கீழே வெளிறிய புருவக்கோடு, அதற்கும் கீழே கண்ணை ஊடுருவிப் போகும் கறுத்த கோடு. இதோடு நின்றால் கிளுவைக்கும் ஓரளவு இது உண்டு. நீலச்சிறகிக்கு அதற்குக் கீழேயும் ஒரு வெளிர் கோடு ஓடும், அதற்கும் கீழே கன்னத்தில் இன்னொரு கறுத்த கோடு. இந்தக் கோடுகள் சேருமிடத்தில், அலகு தொடங்கும் இடத்தை ஒட்டி, விரல் நுனியால் தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. தொண்டை கீறல் இல்லாமல் வெள்ளையாக இருக்கும். கிளுவைப் பெட்டையின் முகம் இதைவிட மழுங்கல், கண்ணருகே மெல்லிய கோடு ஒன்று, மற்றபடி பொடிக் கீறல்கள், தொண்டையிலும் கீறல்தான். எட்டு மடங்கு பைனாகுலரில் நூறு மீட்டர் தூரத்தில் நீலச்சிறகியின் முகம் பட்டை போட்டதாகத் தெரியும், கிளுவையின் முகம் ஒரே பழுப்பாகத் தெரியும். சில கிளுவைப் பெட்டைகளுக்கு முகக்கோடுகள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட ஒன்று உங்கள் படத்தில் விழுந்தால் ஆப் தடுமாறத்தான் செய்யும்.

அலகையும் பாருங்கள். நீலச்சிறகியின் அலகு முழுக்கச் சாம்பல், கொஞ்சம் நீளம். கிளுவைப் பெட்டையின் அலகு சின்னது, அடிப்பக்கத்தில் பெரும்பாலும் மஞ்சளோ ஆரஞ்சோ லேசாகத் தட்டும்.

தலையை முதுகுக்குள் செருகித் தூங்கும் வாத்துகள் என்றால்? பகலில் பாதி நேரம் அப்படித்தான் இருக்கும், முகமும் கிடையாது, அலகும் கிடையாது. அப்போது வாலைப் பாருங்கள். கிளுவைக்கு வாலின் அடியில், இரண்டு பக்கமும், உடம்பின் விளிம்பை ஒட்டி மெல்லிய வெளிர் கோடு ஒன்று இருக்கும். சாக்பீஸால் ஒரு இழுப்பு இழுத்த மாதிரி. தூங்கும் பறவையிலும் தெரியும், பெட்டையிலும் தெரியும். நான் தூரத்துக் கூட்டங்களை எண்ணும்போது முதலில் தேடுவது இதைத்தான். நீலச்சிறகிக்கு இந்த இடம் மற்ற உடம்பு போலவே புள்ளியும் கீறலுமாகக் கலந்துவிடும்.

இப்போது இறக்கைக்கு வருவோம். இந்தக் கடிதம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். உடம்பு இறகு வருஷத்துக்கு இரண்டு தடவை மாறுகிறது, ஆணைப் பெண்ணாகக் காட்டுகிறது, பார்க்கிறவரைக் குழப்புகிறது. இறக்கையின் வடிவமைப்பு அப்படி மாறுவதில்லை. பழுப்புக் கோலத்தில் இருக்கும் ஆண் நீலச்சிறகி தண்ணீரில் மிதக்கும்போது அசல் பெட்டைதான். அது எழும்பி இறக்கையை விரித்த அடுத்த நொடி, இறக்கையின் முன்பாதி முழுக்க வெளிறிய சாம்பல் நீலமாக விரியும். நம் மொழியில் இதற்கு வைத்த பெயரே அதுதானே, நீலச்சிறகி. தூரத்தில், வெயிலில், அது நீலமாகக்கூடத் தெரியாது, வெளுத்த வெள்ளியாகத் தெரியும். ஒரு பழுப்புக் கூட்டம் எழும்பும்போது அதில் நான்கைந்து பறவைகளின் முன்னிறக்கை மட்டும் இப்படி வெளுத்து மின்னினால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே சமயத்தில் விடை கிடைத்துவிடும். கூட்டம் நீலச்சிறகி, ஆண்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தன.

தட்டைவாயனுக்கும் முன்னிறக்கையில் இந்த நீலம் உண்டு, இன்னும் அழுத்தமாகவே உண்டு. ஆனால் அது பெரிய வாத்து, கரண்டி மாதிரி அலகு, குழப்பம் வராது. இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: 1758-ல் லின்னேயஸ் கிளுவை, நீலச்சிறகி இரண்டையும் 'அனஸ்' என்ற ஒரே பேரினத்தில் வைத்தார், அண்மைக் காலம் வரை அப்படியேதான் இருந்தது. மரபணு ஆய்வுகள் வந்த பிறகு நீலச்சிறகியைத் தட்டைவாயனோடு சேர்த்து 'ஸ்பாட்டுலா' பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் உள்ள அதன் நெருங்கிய உறவுக்கும் நீல முன்னிறக்கைதான். ஆக அளவிலும் பழுப்பிலும் கிளுவைக்கு அண்ணன் தம்பி போலத் தெரியும் இந்தப் பறவையின் உண்மையான சொந்தம் வேறு பக்கம் இருக்கிறது, அதை அதன் இறக்கை முதலிலிருந்தே காட்டிக்கொண்டு இருந்தது.

பெட்டைகளின் இறக்கைக்கு வருகிறேன், அங்கே நீலம் கிடையாது. மங்கிய சாம்பல்தான், சில பறவைகளில் அதுகூடத் தெரியாது. அங்கே பார்க்க வேண்டியது வெள்ளைக் கோடுகளை. இரண்டு இனத்துக்கும் இறக்கையின் பின்பகுதியில் உடம்பை ஒட்டிப் பளபளக்கும் ஒரு பட்டை உண்டு, அதன் முன்னால் ஒரு வெளிர் கோடு, பின்னால் ஒரு வெளிர் கோடு. கிளுவைக்கு முன்கோடு அகலம், பின்கோடு மெல்லிசு. பட்டை மரகதப் பச்சை. நீலச்சிறகிப் பெட்டைக்குப் பின்கோடுதான் அகலமும் பளிச்சும், இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளை ரிப்பன் தைத்த மாதிரி. பட்டை மங்கல், பச்சை என்று சொல்லவே யோசிக்க வேண்டும். ஆண் நீலச்சிறகிக்கு இரண்டு கோடும் ஏறக்குறைய சம அகலம். பட்டையின் நிறத்தை நம்ப வேண்டாம். அந்தப் பச்சை ஒளி பட்டுத் தெரிகிற பச்சை, கோணம் தப்பினால் இரண்டுமே கறுப்பாகிவிடும். வெள்ளைக்கோட்டின் அகலம் எந்த வெளிச்சத்திலும் மாறாது.

பறக்கவிட்டால்தான் இறக்கை தெரியும் என்று இதைப் படித்துவிட்டு யாரும் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நீலச்சிறகி ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் கூடு கட்டி, குளிருக்கு முன் ஒட்டுமொத்தமாகக் கிளம்பி ஆப்பிரிக்காவுக்கும் இந்தியத் துணைக்கண்டத்துக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் வருகிற பறவை. அரைக் கிலோவைத் தொடாத உடம்பு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, தின்று தேற்றிக்கொண்டு, திரும்பவும் அதே தூரம் போக வேண்டும். ஒவ்வொரு தடவை நாம் எழுப்பும்போதும் அது சேர்த்ததைச் செலவழிக்கிறது. பகலில் தூங்குகிறதே என்று நினைக்காதீர்கள், இரவெல்லாம் மேய்ந்த களைப்பு அது.

கலைக்காமலே இறக்கையைப் பார்க்க வழிகள் உண்டு. ஒன்று, பூனைப்பருந்து. தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து அது ஏரியைச் சுற்றி வரும்போது வாத்துகள் தானாக எழும்பும், ஒரு வட்டம் அடித்து மறுபடி இறங்கும். பருந்து தெரிந்ததுமே அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாத்துகள் மேல் பைனாகுலரைத் திருப்பி வையுங்கள். எழும்பும் விதத்தையும் பாருங்கள், கிளுவை தண்ணீரிலிருந்து நேர்குத்தாக மேலே பாயும், பறக்கும்போது மொத்தக் கூட்டமும் உள்ளான் கூட்டம் மாதிரி இப்படியும் அப்படியும் ஒடிந்து திரும்பும். நீலச்சிறகியும் வேகம்தான், ஆனால் அவ்வளவு வளைந்து நெளியாது.

இன்னொன்று, காத்திருப்பது. வாத்து குளித்து முடித்ததும் தண்ணீரில் நெஞ்சை உயர்த்தி நின்று இறக்கையை நாலைந்து தடவை அடிக்கும். அப்புறம் இறகைக் கோதும். தூங்கி எழுந்ததும் ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்துப் பின்னால் நீட்டி நெட்டி முறிக்கும். இந்த இரண்டு சமயங்களில் இறக்கை முழுசாக விரிந்து உங்கள் கண்முன் நிற்கும்.

ஒரு காலையில் மண்திட்டில் தூங்கிய ஒரே ஒரு வாத்தை நாற்பது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை முதுகுக்குள், முகம் இல்லை, எனக்கு முன்பக்கம் காட்டி உட்கார்ந்திருந்ததால் வால்கோடும் இல்லை. நோட்டில் கிளுவை என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரு நாமக்கோழி சண்டைக்குப் பாய, இது தலையை எடுத்தது, ஒரு தடவை சுற்றிப் பார்த்தது, பிறகு அவசரமே இல்லாமல் இடது இறக்கையையும் இடது காலையும் பின்னால் நீட்டியது. சாம்பல் நீலம், மேலிருந்து கீழ்வரை, முன்பாதி முழுக்க. அதன் கீழே இரண்டு வெள்ளைக்கோடுகள், நடுவில் மங்கிய பச்சை. மூன்று விநாடி இருக்கும். இறக்கையை மடித்ததும் மறுபடி பழைய பழுப்பு வாத்து. அதுவரை அந்த ஏரியில் நான் கிளுவை என்று எழுதி வைத்திருந்த பழைய எண்ணிக்கைகளை எல்லாம் அன்றைக்கு எடுத்து மறுபடி பார்த்தேன், காரணம் எழுதாமல் பெயர் மட்டும் எழுதியிருந்தவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தேன். அதற்குப் பிறகு பெயருக்குப் பக்கத்தில் எதைப் பார்த்து எழுதினேன் என்று ஒரு சொல்லாவது எழுதாமல் விட்டதில்லை. 'வால்கோடு', 'முகக்கோடு', 'பின்கோடு அகலம்', இவ்வளவு போதும். நீங்களும் இப்போதிருந்தே இந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.

கிட்டே போனால் எழும்பிவிடுகிறது என்றீர்கள். பெரும்பாலும் நாம் செய்யும் தவறு கரைமேல் நடப்பது. கரைமேல் நிற்கும் மனிதர் வாத்துக்கு வானத்தின் பின்னணியில் நிழலுருவமாகத் தெரிவார், அதைவிடப் பயமுறுத்தும் உருவம் வேறு இல்லை. கரையிலிருந்து கீழே இறங்கி, முதுகுக்குப் பின்னால் ஒரு புதரோ மரமோ இருக்கும்படி உட்காருங்கள். சட்டை நிறத்தைவிட அசையாமல் இருப்பது முக்கியம். விடிவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் போனதும் அரை மணி நேரம் ஒன்றுமே செய்யாதீர்கள், விலகிப் போன வாத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேல் கானல் நெளியும், அதற்கப்புறம் எவ்வளவு விலையுள்ள கண்ணாடியிலும் முகக்கோடு தெரியாது.

ஸ்கோப் இப்போதைக்கு வேண்டாம். 8×42 பைனாகுலர் ஒன்று இருந்தால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்க்கலாம், நன்றாகக் காத்திருந்தால். பத்து மடங்கு வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், கை நடுக்கமும் பத்து மடங்காகும், தொடக்கத்தில் எட்டே நல்லது. பெரிய ஏரிகளில், நடுவில் மட்டுமே வாத்துகள் இருக்கும் இடங்களில், 20-60 மடங்கு ஸ்கோப் நிஜமாகவே உதவும், ஆனால் நல்ல முக்காலி இல்லாத ஸ்கோப்பால் பயனில்லை. அந்தப் பக்கம் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களோடு இரண்டு மூன்று தடவை போய் அவர்களுடையதில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆப் விஷயத்துக்கு வருவோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். அது படத்தில் உள்ளதை மட்டும் பார்க்கிறது. முகம் பாதி மறைந்த, எதிர்வெயிலில் எடுத்த பழுப்பு வாத்தின் படத்தில் இரண்டு இனத்தையும் பிரிக்கும் தகவல் இல்லை என்றால் அது எதையாவது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நல்ல படம் கொடுங்கள். ஷட்டர் வேகத்தை 1/1000-க்கு மேல் வைத்து, வாத்து நெஞ்சை உயர்த்தும் அறிகுறி தெரிந்ததுமே தொடர்ச்சியாக எடுங்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், வெள்ளைக்கோடுகள் வெளுத்து ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அகலத்தை ஒப்பிட முடியாது.

சத்தம் உதவுமா என்றால், அவ்வளவாக இல்லை. ஆண் கிளுவை 'கிரிக், கிரிக்' என்று மணி மாதிரிச் சின்னதாக விசில் அடிக்கும், அதன் அறிவியல் பெயரில் உள்ள 'கிரெக்கா' இந்தச் சத்தத்தை ஒட்டி வந்ததுதான். ஆண் நீலச்சிறகியின் குரல் சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டுவது போன்ற வறண்ட கரகரப்பு, ஒரு தடவை கேட்டால் மறக்காது. ஆனால் குளிர்காலத்தில் அது பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சரி, உங்கள் படங்கள். முதல் படத்தில் ஒன்றும் சொல்ல முடியாது, தலைகள் எல்லாம் முதுகுக்குள். இரண்டாவதில் இடமிருந்து மூன்றாவது பறவையின் அலகடியில் வெள்ளைப் பொட்டு தெரிகிறது, தொண்டையும் வெள்ளை, அது நீலச்சிறகி என்று தைரியமாகச் சொல்வேன். மூன்றாவது படத்தில், வலது ஓரத்தில், கூட்டத்திலிருந்து சற்று விலகிச் சேற்றில் நிற்கும் இரண்டு பறவைகளைப் பாருங்கள். வாலடியில் அந்த வெளிர் கோடு இருக்கிறது, அலகும் சின்னது. அவை கிளுவைகள். நண்பரும் தப்பில்லை, ஆப்பும் இரண்டு தடவையும் தப்பில்லை, உங்கள் கூட்டம் கலப்புக் கூட்டம். மீதிப் பறவைகளுக்குப் பெயர் வைக்க இந்தப் படங்கள் போதாது, அவற்றைப் பட்டியலில் 'இனம் தெரியாத சின்ன வாத்து' என்றே பதியுங்கள். எண்ணிக்கையை மட்டும் சரியாகப் போடுங்கள், அதுவும் பயனுள்ள பதிவுதான்.

பிப்ரவரி கடைசியில் அதே இடத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் பெட்டை என்று நினைத்தவற்றில் சிலவற்றுக்கு அப்போது கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை பிறை மாதிரி வெள்ளைப் புருவம் வளைந்திருக்கும், முதுகோரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட இறகுகள் தொங்கும். எத்தனை என்று எண்ணி எழுதி அனுப்புங்கள், முடிந்தால் இறக்கை விரிந்த ஒரு படத்தோடு.